பாதி வழியில் திரும்பியவள்

செந்தாமரைக்கு உயிர் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையில் வருகிற எல்லோரையும் போல நீங்களும் நடுவில் மறந்துபோவீர்கள். ரப்பர்த் தோல், உள்ளே ஒயர்கள், நிறைமாத வயிறு, அந்த வயிற்றுக்குள் ஒரு ரப்பர் குழந்தை, அவ்வளவுதான் அவள். ஆனால் மூச்சு விடுவாள். கண் சிமிட்டுவாள். கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி துடிக்கும். பாடம் நடத்தும் கீதாஞ்சலி மேடம் தன் கையிலிருக்கும் டேப்லட்டில் ஓர் இடத்தைத் தொட்டால் அவளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், இன்னோர் இடத்தைத் தொட்டால் வலிப்பு வரும், வேறோர் இடத்தைத் தொட்டால் செத்தும் போவாள். சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் அடுத்த வகுப்புக்காகப் பிழைத்துக்கொள்வாள். திருப்பத்தூர் பக்கத்து அந்த நர்சிங் கல்லூரியில் செந்தாமரைக்குப் பிரசவம் பார்க்காமல் ஒருத்தியும் பாஸாக முடியாது.

பேசுவதற்கு மட்டும் அவளுக்கு ஆள் வேண்டும். திரைக்குப் பின்னால் ஒரு மாணவி மைக்கோடு உட்கார்ந்து நோயாளியாகப் பேசுவாள். தலையணைக்கு அடியிலிருக்கும் குட்டி ஸ்பீக்கர் வழியாகக் குரல் வரும். மூன்றாம் வருஷத்தில் அந்த வேலை காஷிஃபாவிடம் வந்து சேர்ந்தது. காஷிஃபா வாணியம்பாடிப் பெண். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் ‘எஸ் மேடம்’ சொல்வது முதல் பெஞ்சுக்கே கேட்காது. ஆனால் திரைக்குப் பின்னால் போய்விட்டால் ஆளே வேறு. வலியில் கத்துவாள், இல்லாத மாமியாரைக் கிழிகிழியென்று கிழிப்பாள், “சிஸ்டர், என்ன வூட்டுக்கு அனுப்பிடுங்க” என்று கேட்பவர் கண் கலங்க அழுவாள். முகத்தைக் காட்ட வேண்டாம் என்றால் அவளுக்குப் பேச்சு தாராளமாக வரும்.

அந்த ஐப்பசியில் செந்தாமரையை ஜவ்வாது மலைக்கு ஏற்றினார்கள். நோயாளியின் பழக்கவழக்கத்தை மதித்துப் பராமரிப்பது எப்படி என்ற பாடத்தை மலை ஆஸ்பத்திரியிலேயே நடத்திப் பார்க்கலாம் என்பது கீதாஞ்சலி மேடத்தின் யோசனை. மாணவிகள் எல்லாவற்றையும் உருப்போட்டு வைத்திருந்தார்கள். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். கூட வந்த பெரியவர்களிடம் முதலில் பேச வேண்டும். கழுத்துக் கயிற்றையோ இடுப்புக் கயிற்றையோ சொல்லாமல் கழற்றக்கூடாது. உருப்போட்டால் எதுவும் வந்துவிடும் என்று நம்புகிற தேசம் நம்முடையது. பாவம், அந்தப் பெண்களை மட்டும் என்னத்தைச் சொல்ல.

மற்றவர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். வேனின் பின் சீட்டுகளைக் கழற்றி, ஸ்ட்ரெச்சரில் செந்தாமரையைக் கிடத்தி, பக்கத்தில் காஷிஃபாவை உட்கார வைத்தார்கள். முன்னால் டிரைவர் கண்ணாயிரமும் மேடமும். மலைப்பாதை வளைவுகளுக்குப் பயந்து காஷிஃபா வாந்திக்கான மாத்திரை போட்டிருந்தாள். அது வாந்தியை நிறுத்தியதோ இல்லையோ, தூக்கத்தைக் கொண்டுவந்து மடியில் கொட்டியது. கண் திறந்தால் மரம், மூடினால் மரம். வண்டி ஏற ஏற மரங்களுக்கு நடுவே பனி புகுந்து, பிறகு பனிக்கு நடுவே மரங்கள் எப்போதாவது எட்டிப் பார்த்தன. ஜன்னல் இடுக்கு வழியாக அது வேனுக்குள்ளும் வந்து செந்தாமரையின் காலடியில் உட்கார்ந்தது.

“உனக்குக் குளிரலியா?” என்று காஷிஃபா கேட்டாள். வாய்விட்டுக் கேட்டாளா மனசுக்குள் கேட்டாளா என்று அவளுக்கே தெரியாது. செந்தாமரை கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அந்த முகத்தின் குரலாக எத்தனையோ நாள் பேசியிருந்தும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்ததில்லை. யாரோ தூரத்து உறவுக்காரப் பெண்ணைத் தனியாக ஊருக்குக் கூட்டிப் போவது போல அவளுக்கு இருந்தது.

பாதி மலையில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். மேடமும் கண்ணாயிரமும் இறங்கிப் போனதும், கடையில் நின்ற ஆம்பளைகள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார்கள். ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரிப்பு கேட்டது. செந்தாமரையால் திரும்பிப் படுக்கவும் முடியாது, கையால் மறைக்கவும் முடியாது. காஷிஃபாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டில் பிறந்த பெண் யாரையாவது இப்படி நாலு பேர் வேடிக்கை பார்க்க விட்டுவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளா? தோளில் கிடந்த தன் வெள்ளைத் துப்பட்டாவை உருவி, செந்தாமரையின் தலையிலிருந்து மார்பு வரை இழுத்துப் போர்த்தினாள். முகம் முழுக்க மறைந்தது. பார்க்க இனி ஒன்றுமில்லை என்று ஆனதும் அவர்களும் போய்விட்டார்கள். மனசு லேசானது. அப்படியே ஸ்ட்ரெச்சரின் ஓரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

அவள் கண் விழித்தபோது வேனின் பின்கதவு திறந்திருந்தது, ஸ்ட்ரெச்சர் பாதி வெளியே போயிருந்தது. கால் முன்னால், தலை பின்னால். ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வராண்டாவில் ஏறினார்கள். வெள்ளைத் துணி பனியில் நனைந்து மூக்கும் உதடும் தெரிகிற மாதிரி முகத்தில் ஒட்டியிருந்தது.

அந்த வராண்டாவில் வரிசையாக நிறைமாதப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதை இல்லாத ஊர்களிலிருந்து தேதிக்கு முன்பே வந்து தங்குகிறவர்களுக்கென்று அங்கே ஓர் அறை உண்டு. சாப்பாடு முடிந்து காலை நீட்டி, ஒருத்தி தலையை ஒருத்தி வாரிக்கொண்டு, அதுவரை ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் அவர்களுக்கு முன்னால் போனதும் சீப்பு பாதித் தலையில் நின்றது. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒருத்தி பின் ஒருத்தியாகச் சுவரைப் பிடித்து எழுந்தார்கள்.

காஷிஃபாவுக்கு விஷயம் புரிவதற்குள் மூட்டை முடிச்சு கட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

“பொம்மைங்க அது! பிளாஸ்டிக்கு!” என்று கீதாஞ்சலி மேடம் சிரித்துக்கொண்டே ஓடினார்.

“பொம்மன்னு எங்களுக்கும் தெரியுதும்மா. எங்களுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?” என்றாள் ஒருத்தி. அவள் பேர் பாஞ்சாலி. நிறைமாதக்காரியான தன் தம்பி பொண்டாட்டி தேவிக்குத் துணையாக வந்திருப்பவள். நெடுநெடுவென்று உயரம், குரலும் அதே உயரம். “வெள்ளத் துணிய மூஞ்சில போட்டு, கால முன்ன வுட்டு, புள்ளத்தாச்சிங்க குந்தினுகீற எடத்துல எடுத்தாந்தீங்களா இல்லியா? பொம்மைக்குச் செஞ்சா கணக்கில்லியா? உங்க வூட்டு மாப்ள ஒரு பொம்மைக்குத் தாலி கட்னா சும்மா வுடுவீங்களா?”

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இதற்குள் அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஆனந்தி சிஸ்டர் வந்தார். வந்தவர் மேடத்தை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். காஷிஃபாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

“மத்தவங்க ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்துடுவாங்க மேடம். அந்தத் தேவிப் பொண்ணு வராது. போன மழைக்கு மொதப் புள்ள வூட்டுலயே செத்துப் பொறந்துச்சு. இப்ப ரத்தக்கொதிப்பு வேற, கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. எத்தினி தடவ நடந்துபோய், கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டியாந்தேன் தெரியுமா? இங்க மாத்திரைல அடங்கிகினு கீது. வூட்டுக்குப் போய் வலி எடுத்து வலிப்பு வந்துச்சுன்னா தூளி கட்டித் தூக்கியாரணும். வர்றதுக்குள்ள தாயும் இருக்காது, புள்ளயும் இருக்காது.”

“நாங்க பேசிப் பாக்கறோம் சிஸ்டர்.”

“இன்னா பேசுவீங்க? அது வந்ததிலருந்து ஒரு வார்த்த பேசல. துன்னுன்னா துன்னுது, படுன்னா படுக்குது. அதுவா ஒண்ணும் கேக்கல.”

காஷிஃபா தூணுக்குப் பின்னாலிருந்து தேவியைப் பார்த்தாள். தன்னைவிட இரண்டு வயசு கூட இருக்கலாம். மஞ்சள் பூசிய வெளிறிய முகம். கையில் துணிமூட்டை. மற்றவர்களைப் போல அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. பனி மூடிய பாதையை, பஸ் வருகிற திசையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண் செத்துப்போகப் போகிறாள், என் துப்பட்டாவால் செத்துப்போகப் போகிறாள் என்று காஷிஃபா நினைத்தாள். கௌரவமாக இருக்கட்டும் என்று செய்ததுதான். தன் தெருவில் அது மரியாதை, இந்த வராண்டாவில் அது சாவு. இது ஏன் யாருக்கும் முன்கூட்டியே தோன்றவில்லை?

“நான்தான் மூடினேன்,” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் தேவி வாயைத் திறந்தாள். ஆனந்தி சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“அவளுக்குப் பிரசவம் பாக்கத்தானே எடுத்தாந்தீங்க?” தேவி யாரையும் பார்க்காமல் கேட்டாள். “பாருங்க. அவ பொழச்சா நான் இருக்கறேன். பொழைக்கலன்னா போறேன்.”

பாஞ்சாலி நாத்தனாருக்கே உரிய அதிகாரத்தோடு ஏதோ சொல்லப் போனாள். தேவி முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். “சரி. மூடுன கையே மொதல்ல துணிய எடுக்கட்டும்,” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே கட்டிலில் கிடத்தியிருந்த செந்தாமரையிடம் காஷிஃபா போய், ஈரத் துப்பட்டாவை முகத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியைப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் உலரப் போட்டுவிட்டு, விட்டால் போதும் என்று திரைக்குப் பின்னால் போய் மைக்கை எடுத்துக்கொண்டாள்.

மேடம் ஸ்விட்சைப் போட்டார். செந்தாமரையின் மார்பு ஏறி இறங்கியது. பெண்கள் “ஐயோ” என்று ஓரடி பின்னால் போய், இரண்டடி முன்னால் வந்தார்கள். பாஞ்சாலி அவள் மூக்குக்கு எதிரே புறங்கையை வைத்துப் பார்த்து, “மூச்சு வருதுடி,” என்றாள். திரையின் இடுக்கு வழியாகக் காஷிஃபாவுக்குக் கட்டிலும், கட்டிலின் காலடியில் நின்ற தேவியும் தெரிந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்தான். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே கனவுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அது யாருடைய கனவு என்றுதான் தெரியவில்லை.

மாணவிகள் பாடப்படி கும்பிட்டார்கள், பாடப்படி அனுமதி கேட்டார்கள். காஷிஃபா செந்தாமரையாகப் பேசினாள். “தல வலிக்குது சிஸ்டர். கண்ணு மங்கலாக் கீது. முன்னால பூச்சி பறக்குது.” அது நோய்க்கு எழுதி வைத்த வசனம். ஆனால் அதைக் கேட்ட தேவியின் கை தன் நெற்றிக்குப் போனதைக் காஷிஃபா பார்த்தாள். ஆனந்தி சிஸ்டரும் பார்த்தார். வந்த நாளிலிருந்து தேவி எந்த நோவையும் சொன்னதில்லை.

“படுக்க வச்சே பெத்துக்கச் சொல்றீங்களா?” பாஞ்சாலியால் சும்மா இருக்க முடியவில்லை. “ஆமய கவுத்துப் போட்ட மாதிரி. முதுகுக்கு அண்ட குடுத்துக் குந்த வைங்க.” மேடம் ஆனந்தி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தலையசைத்தார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தது. பாஞ்சாலியே பின்னால் உட்கார்ந்து, ரப்பர் முதுகைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள். “முக்குடி, என் ராசாத்தி,” என்றாள். பொம்மை என்பது அவளுக்கு அப்போதே மறந்துபோயிற்று. நான்தான் சொன்னேனே.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது செந்தாமரை நின்றுவிட்டாள்.

மலைப்பனியின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டிருக்க வேண்டும். இறங்கிய மார்பு ஏறவில்லை. இமைகள் பாதியில் நின்றன. மாணவி ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து மேடத்தைப் பார்த்தாள். மேடம் டேப்லட்டைத் தட்டினார், துடைத்தார், அணைத்துப் போட்டார். டேப்லட் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

பாஞ்சாலி ரப்பர் முதுகை மெல்லத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. “அவ்ளோதான். மூட்டைய எட்றி,” என்றாள்.

தேவி மூட்டையை எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, முக்காலியில் உட்கார்ந்து, செந்தாமரையின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“ஏய்,” என்றாள். “பூட்டியா?”

தேவி அந்த ரப்பர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“போற வழியில பாத்தியா? சின்னதா ஒண்ணு. பொண்ணு. அழவே தெரியாது அதுக்கு. போன மழைல போச்சு. தனியாவே போச்சு.” குரலில் அழுகை இல்லை, வழிதெரியாத ஊரில் விசாரிக்கிற மாதிரி இருந்தது. “பாத்தியா?”

காஷிஃபாவின் கையில் மைக் இருந்தது. மைக்கும் ஸ்பீக்கரும் தனி. அவை வேலை செய்துகொண்டிருந்தன. பேசினால் கேட்கும். ஆனால் பேசுவதற்கு எழுதி வைத்த வசனம் எதுவும் மிச்சமில்லை. ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் கேட்க ஆள் தேடியிருக்கிறாள். எல்லோரும் வந்து காலை அமுக்கிப் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நல்லது சொன்னார்கள். அந்தக் குழந்தையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் செத்துப்போன ஒரு பொம்மையிடம் வந்து கேட்கிறாள். காஷிஃபாவின் கண்ணில் நீர் கொட்டியது. பார்த்தேன், நன்றாக இருக்கிறது, சிரித்தது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பார்த்தேன் என்று சொன்னால் அடுத்ததாகத் தேவி வழி கேட்பாள் என்று அவளுக்குப் பட்டது.

“பாக்கலக்கா,” என்றாள். நடிக்கிற குரல் வரவில்லை. வருகைப்பதிவுக்குப் பதில் சொல்லும் அந்தச் சின்னக் குரல்தான் வந்தது. “நான் அவ்ளோ தூரம் போகல. பாதி வழியிலயே திரும்பிட்டேன்.”

தேவியின் தலை நிமிர்ந்தது. திரையைப் பார்க்கவில்லை. செந்தாமரையின் பாதி மூடிய கண்ணைத்தான் பார்த்தாள்.

“ஏன் திரும்பிட்ட?”

“யாரோ கூப்ட்டாங்க.”

“யாரு?”

“நீதான்க்கா. ஏய்னு கூப்ட்டியே.”

வராண்டாவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பனி ஜன்னல் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தது. கம்பியில் கிடந்த துப்பட்டா மெல்ல அசைந்தது.

“நான் போனா யாரு கூப்புடுவாங்க?” என்று தேவி கேட்டாள்.

“நான் கூப்புடறேன்,” என்றாள் காஷிஃபா. யோசிக்காமல் வந்துவிட்டது.

தேவி அந்தக் கையைக் கட்டிலில் வைத்தாள். அதன் மேல் இரண்டு தடவை தட்டிக்கொடுத்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், தன் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஆனந்தி சிஸ்டரைக் கூப்பிட்டு, “தல வலிக்குது சிஸ்டரு. நாலு நாளா வலிக்குது,” என்றாள். பாஞ்சாலி மூட்டையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அடுக்கினாள். அவள் பிரித்ததைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். செந்தாமரை வயிற்றிலிருந்த குழந்தையை மாணவிகள் அப்புறம் அவள் இடுப்போரம் இருந்த கைப்பிடியைக் கையால் சுற்றி வெளியே எடுத்தார்கள்; பாஞ்சாலி அதையும் வந்து பார்த்துவிட்டு, “மூக்கு அவள மாரியே கீது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் தேவிக்கு வலி எடுத்தது.

காஷிஃபா திரும்பத் திரும்பத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: அது பொம்மை சொன்ன வார்த்தை, நான் சொன்னதில்லை. ஆனால் ஆனந்தி சிஸ்டர் வந்து, “உன்னத்தான் கூப்புடுது,” என்றபோது, அந்தக் குரல் தன்னுடையதென்று தேவிக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் கூடவே போனாள். பிரசவ அறையில் தேவி முதுகுக்குப் பாஞ்சாலி அண்டை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர், வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, பாஞ்சாலியின் உயரத்தைப் பார்த்து விட்டுவிட்டார். தேவி காஷிஃபாவை ஒரு தடவை பார்த்தாள். கையை நீட்டினாள். நேற்று ரப்பர் கையைப் பிடித்த அதே பிடி.

பனி அன்றும் விலகவில்லை. வலி வருவதும் போவதுமாக நேரம் ஊர்ந்துகொண்டு போயிற்று. பிறகு எல்லாம் அவசரமாக நடந்தது. குழந்தை வந்தது. வந்த உடனே அழுதது; அறை நிறைய, ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதது. பொண்ணு. பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் குழந்தையைப் பார்த்த அந்த ஒரு நொடியில் தன் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்வதைக் காஷிஃபா உணர்ந்தாள். திரும்பினாள். தேவியின் இமைகள் பாதியில் நின்றிருந்தன. முகம் வெளிறி, பார்வை யாரும் இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. கீழே விரிப்பில் ரத்தம் பரவியது.

டாக்டர் சத்தம் போட்டார். ஆனந்தி சிஸ்டர் ஊசியை எடுக்க ஓடினார். கீதாஞ்சலி மேடம் வயிற்றை அமுக்கிப் பிடித்தார். காஷிஃபாவுக்கு அங்கே செய்ய வேலை எதுவும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கு. திரை இல்லை, மைக் இல்லை, இத்தனை முகங்கள் இருக்கின்றன.

“ஏய்!” என்றாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

“ஏய்! தேவிக்கா!” இந்தத் தடவை குரல் வந்தது. “எங்க போற நீ? திரும்பு! தேவிக்கா! ஏய்! இங்க பாரு, அழுவுது பாரு உன் பொண்ணு! ஏய்!” வாணியம்பாடியில் அவளைப் பெற்ற அம்மி தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். இத்தனை வருஷம் அது எங்கே கிடந்ததோ. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராண்டாவில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அவள் நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கிழியக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊசிதான் காப்பாற்றியது என்று டாக்டர் சொல்வார். சரிதான், ஊசிதான். ஊசி போட்டதை நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தம் நின்று, நாடி மெல்ல மேலேறி, தேவி கண்ணைத் திறந்ததும் டாக்டரைப் பார்க்கவில்லை. காஷிஃபாவைப் பார்த்து, உதடு மட்டும் அசைய, “இன்னாத்துக்கு இப்டிக் கத்தற?” என்றாள்.

காஷிஃபா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். பேச முயன்றால் குரல் வரவில்லை, எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“பழந்துணி ஏதாச்சும் குடுங்க,” என்று பாஞ்சாலி குழந்தையை ஏந்திக்கொண்டு கேட்டாள். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, யாராவது உடுத்திப் பழகிய துணியைத்தான் முதலில் சுற்ற வேண்டும். காஷிஃபா வீட்டிலும் அப்படித்தான். அவள் பிறந்தபோது அவளைச் சுற்றியது பெரியம்மாவின் புடவைத் தலைப்பு. ஆனந்தி சிஸ்டர் ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து நீட்டினார். பாஞ்சாலி அதை வாங்கவில்லை. பக்கத்து அறை ஜன்னலைக் காட்டினாள்.

“அந்தத் துப்பட்டாவ எட்றி.”

காஷிஃபா தயங்கினாள். “அது... அது வேணாங்க. செந்தாமரை மூஞ்சில போட்டது.”

“அதான் வேணும். பாதி வழியில திரும்பி வந்தவ துணி. குடு.”

முந்தின சாயங்காலமே அதைத் துவைத்துப் போட்டிருந்தாள்; காய்ந்து மெத்தென்றிருந்தது. அதை நாலாக மடித்துக் கொடுத்தாள். பாஞ்சாலி குழந்தையை அதில் சுற்றும்போது, தெரிந்தோ தெரியாமலோ, முகத்தை மட்டும் நன்றாகத் திறந்து விட்டாள். குழந்தை வெளிச்சத்துக்கு முகம் சுளித்துத் தும்மியது.

காஷிஃபா வெளியே கிளம்பியபோது தேவி அவள் உடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கிட்டே குனியச் சொல்லி, யாருக்கும் கேட்காமல், “செந்தாமரைக்குச் சொல்லிட்டியா?” என்றாள். அவள் கண்ணில் குறும்பு இருந்ததா, நிஜமாகவே கேட்டாளா என்பதைக் காஷிஃபாவால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

செந்தாமரை பக்கத்து அறையில் போர்வை போர்த்தி வைக்கப்பட்டிருந்தாள். கழுத்து வரைதான் போர்வை. முகம் திறந்திருந்தது. கீழே போய்த்தான் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். காஷிஃபா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மைக்கைத் தேடவில்லை.

“பொண்ணு பொறந்திருக்குது,” என்று அந்த ரப்பர்க் காதில், மிச்சமிருந்த குரலில் சொன்னாள். “ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க.”

வெளியே பனி கொஞ்சம் விலகி, எதிர் மலையின் ஒரு துண்டு தெரிந்தது. பக்கத்து அறையில் குழந்தை மறுபடி அழுதது. காஷிஃபா பதில் வருமென்று இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.